குரங்கின் கையில் கல்: மனித அறிவு இன்னொரு விலங்குக்கும் வருமா?

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகளும் எண்ணெய்க் கலன்களும் முடிகிற இடங்களில் சதுப்புநிலக் காடு தொடங்குகிறது. ஜொகூர் நீரிணையில் தண்ணீர் வற்றும் நேரத்தில், இத்தகைய காட்டோரங்களில் நீண்டவால் குரங்குகள் கூட்டமாகச் சேற்றில் இறங்கி இரை தேடும். மலாய் மொழியில் இந்தக் குரங்குக்குக் கெரா என்று பெயர். நண்டைத் துரத்திப் பிடிக்கும். ஓடையை நீந்திக் கடக்கும். குடியிருப்புப் பக்கம் வந்துவிட்டால் குப்பைத்தொட்டியின் மூடியைத் தூக்கி, பிளாஸ்டிக் பையைப் பல்லால் கிழித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மரமேறிவிடும்.

அந்தக் குரங்கைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குரங்கிலிருந்துதான் மனிதன் வந்தான் என்கிறார்கள். அப்படியென்றால் இந்தக் குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை? இனிமேலாவது ஆகுமா?"

பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உயிரியலாளர்கள் அப்படி நகர்வதில்லை. மனிதனுக்கு இருப்பது போன்ற அறிவு வேறொரு விலங்கில் உருவாக என்னென்ன அமைய வேண்டும் என்பது இன்று தீவிரமாக ஆராயப்படும் கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் மிகச் சுவையான விடைகளில் சில, நம் வீட்டுப் பின்புறம் வந்துபோகும் இதே இனக் குரங்கிடமிருந்து, நமக்கு வடக்கே தாய்லாந்துத் தீவுகளிலிருந்து வந்திருக்கின்றன.

ஒரே மரத்தின் இரு கிளைகள்

முதலில் கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்வோம். நீண்டவால் குரங்கு நம் மூதாதை அல்ல, தூரத்து உறவு. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சியிடமிருந்தே நம் கிளை பிரிந்து 60 முதல் 70 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிரிந்த பிறகு குரங்கின் கிளை அப்படியே நின்றுவிடவில்லை. நாம் மாறிய அதே காலம் முழுவதும் அதுவும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீந்தவும், கிளைவிட்டுக் கிளை தாவவும், பெரிய கூட்டத்தில் யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்று நினைவில் வைக்கவும் தேர்ந்தது. பரிணாமத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று எதுவும் கிடையாது. ஓர் இடத்தில், ஒரு காலத்தில், எந்தத் தன்மை கூடுதல் குட்டிகளைப் பிழைக்க வைக்கிறதோ அந்தத் தன்மை அடுத்த தலைமுறையில் பெருகும். இயற்கைத் தேர்வு என்பது அவ்வளவுதான்.

ஆகவே "குரங்கு எப்போது மனிதனாகும்?" என்று கேட்பதை விட, "எந்தச் சூழ்நிலையில் கூடுதல் அறிவு ஒரு விலங்குக்குக் கட்டுப்படியாகும்?" என்று கேட்பதே பொருத்தம்.

1887இல் வந்த செய்தி

ஆல்ஃபிரட் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர் 1887இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அன்றைய பர்மாவின் தென்கோடியில் உள்ள மெர்குய் தீவுக்கூட்டத்தில் குரங்குகள் கல்லெடுத்துப் பாறைச் சிப்பிகளை உடைத்துத் தின்பதைக் கண்டதாக அதில் சொல்லியிருந்தார். கருவி செய்வதும் கையாள்வதும் மனிதனுக்கு மட்டுமே உரியவை என்று பலர் நம்பிய காலம் அது. குறிப்பு அச்சானது, பிறகு நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. அடுத்த ஆண்டு, தாய்லாந்தின் ரனோங் கரையோரம் உள்ள லேம் சோன் தேசியப் பூங்காவில் ஆய்வுக்குச் சென்றவர்கள், பியாக் நாம் யாய் என்ற சிறு தீவில் அதே காட்சியைக் கண்டார்கள். சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் சுச்சிந்தா மலைவிஜித்நந்த் குழுவினர் 2007இல் அதை வெளியிட்டனர். பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் குமெர்ட் உள்ளிட்டோர் அத்தீவில் பல ஆண்டுகள் தங்கிப் பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது வெறுமனே கல்லால் மோதுவதன்று. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிக்குக் கூர்முனை உள்ள சிறு கல்லை எடுத்து, அந்த முனையால் கொத்தித் திறக்கும். கடல் நத்தை, கொட்டை போன்றவற்றுக்குப் பெரிய கனமான கல்லை எடுத்து, பாறைமேல் வைத்துத் தட்டையான பக்கத்தால் அடிக்கும். வேலைக்கு ஏற்ற கல்லைத் தேர்வு செய்கிறது என்று பொருள்.

2016இல் தொல்லியலாளர்கள் அத்தீவின் மணலைத் தோண்டி, 65 ஆண்டு வரை பழமையான குரங்குக் கற்கருவிகளை எடுத்தார்கள். கல்லில் பதிந்த அடித்தடத்தை வைத்தே அவற்றை இனங்கண்டார்கள். மனிதருக்கு மட்டும் இருந்த தொல்லியல், குரங்குக்கும் வந்துவிட்டது.

செம்பனைக் கொட்டைக்கு வந்த கல்

அடுத்து வந்த செய்தி செம்பனைத் தோட்டங்களோடு வளர்ந்த நமக்கு இன்னும் நெருக்கமானது. பாங் ஙா விரிகுடாவில் உள்ள யாவ் நோய் தீவில், நீண்டவால் குரங்குகள் செம்பனைக் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பை எடுத்துத் தின்பதை ஆய்வாளர்கள் 2018இல் விரிவாகப் பதிவு செய்தார்கள்.

செம்பனை இந்த மண்ணின் மரமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மலாயாவில் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரான் தோட்டத்தில். ஆகவே ஆசியக் குரங்குக்குச் செம்பனைக் கொட்டை என்பது மிக அண்மையில் வந்த பண்டம். அதன் மேல்தோலையும் சதையையும் பல்லால் உரித்துவிடலாம். உள்ளே உள்ள ஓட்டைப் பல்லால் உடைப்பது கடினம். கரையில் சிப்பிக்குப் பயன்பட்ட உத்தி, தோட்டத்தில் கொட்டைக்குப் பயன்பட்டது. ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வை இன்னொரு சிக்கலுக்கு எடுத்துச் செல்வதை அறிவின் அடையாளமாகவே நாம் கருதுகிறோம்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் போசோ என்ற இடத்தில், சிம்பன்சிகளும் இதே கொட்டையைக் கல்லின்மேல் வைத்துக் கல்லால் உடைக்கின்றன. 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்த இரண்டு கிளைகள், இரண்டு கண்டங்களில், ஒரே மரத்தின் கொட்டைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. தென் அமெரிக்காவின் கப்புச்சின் குரங்குகளும் கொட்டைகளைக் கல்லால் உடைக்கின்றன. பிரேசிலில் கிடைத்த அவற்றின் கற்கள் 3,000 ஆண்டுப் பழமையானவை. தேவை, கை, கல், கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் கருவி தோன்றுவது அவ்வளவு அரிய நிகழ்வல்ல என்பதை இது காட்டுகிறது.

யாரும் எடுக்காத சில்லு

அப்படியானால் அடுத்த படி ஏன் நிகழவில்லை? இங்கேதான் 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தின் டோமோஸ் புரோஃபிட், லிடியா லுன்ஸ் ஆகியோரும் தாய்லாந்து ஆய்வாளர்களும் பாங் ஙாவில் குரங்குகள் கொட்டை உடைக்கும் இடங்களில் சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன.

குரங்கு கொட்டையை அடிக்கும்போது சில சமயம் அடி தவறிக் கல்லின்மேல் கல் மோதும். அப்போது ஓரம் கூரான மெல்லிய சில்லு ஒன்று தெறிக்கும். பொறுக்கிய சில்லுகளை ஆப்பிரிக்காவில் கிடைத்த ஆதிமனிதர்களின் பழைய கற்சில்லுகளோடு ஒப்பிட்டபோது, பலவற்றை வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. ஆதிமனிதர்கள் திட்டமிட்டுச் செய்தவை என்று நாம் நம்பும் கற்களில் சில, இப்படித் தவறி விழுந்தவையாகவும் இருக்கலாமோ என்ற ஐயத்தை இது எழுப்பியது.

நம் கேள்விக்கு வேண்டியது வேறொன்று. அந்தச் சில்லுகளைக் குரங்குகள் எடுப்பதே இல்லை. கத்தி போன்ற ஓரம் உள்ள கல் காலடியில் கிடக்கிறது. குரங்கு அதன்மேல் உட்கார்ந்து அடுத்த கொட்டையை உடைக்கிறது. அது மந்தம் என்பதால் அல்ல. அந்தச் சில்லால் வெட்ட வேண்டிய பொருள் எதுவும் அதன் வாழ்வில் இல்லை. பழத்துக்குப் பல் போதும். நண்டுக்குக் கை போதும்.

நம் மூதாதையரின் நிலை வேறு. ஆப்பிரிக்காவில் காடு சுருங்கிப் புல்வெளி விரிந்த காலத்தில், இறந்து கிடந்த பெரிய விலங்கின் தோலைக் கிழித்து இறைச்சி எடுக்க வேண்டியிருந்தது. மனிதப் பல்லால் அது முடியாது; கூரான சில்லால் முடியும். இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையான கற்கருவிகள் கென்யாவின் லொமெக்வியில் கிடைத்தவை. வயது 33 லட்சம் ஆண்டுகள். இறைச்சியும் எலும்பு மச்சையும் உணவில் சேர்ந்தது அதற்குப் பிந்திய பெரிய மாற்றம்.

தேவை ஏற்பட்டால் மற்ற வாலில்லாக் குரங்குகளும் சில்லைப் பயன்படுத்தும் என்பதற்குக் கான்சி என்ற பொனோபோ சான்று. அமெரிக்காவில் வளர்ந்த கான்சிக்கு, கயிற்றால் கட்டிய பெட்டியில் தின்பண்டம் வைக்கப்பட்டது. 1990இல் தொடங்கிய அந்தச் சோதனைகளில் அது கல்லை உடைத்துச் சில்லு எடுத்து, கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. மனிதர் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூளைக்கு ஆகும் செலவு

தேவை மட்டும் போதுமா? போதாது. மூளை மிகச் செலவு வைக்கும் உறுப்பு. மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். நமக்கு ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நீண்டவால் குரங்கின் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குக்கு 640 கோடி. இந்த இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு நாளும் கூடுதல் உணவு வேண்டும்.

இதை நம் வீட்டு மீன்தொட்டியிலும் சாக்கடையிலும் நீந்தும் கப்பி மீனை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரிய மூளையுள்ள கப்பிகளைத் தனியாகவும் சிறிய மூளையுள்ளவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்தனர். இரண்டே தலைமுறைகளில் இரு கூட்டத்துக்கும் மூளை அளவில் 9 விழுக்காடு வேறுபாடு வந்தது. பெரிய மூளைப் பெண் மீன்கள் எண்ணிக்கை சார்ந்த சோதனையில் மேலாகச் செய்தன. ஆனால் அவற்றின் குடல் சிறுத்தது. குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. 2013இல் வெளியான இந்த ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. மூளை வளர மரபணுவில் இடமிருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது.

பெரும்பாலான விலங்குகள் "இன்னும் அறிவாளி" ஆகாமல் இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். பழமும் இலையும் நண்டும் தாராளமாகக் கிடைக்கும் கூட்டத்தில், கூடுதல் மூளைக்குச் செலவிடும் தாய்க்கு ஒரு குட்டி குறைந்துபோகலாம். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு அறிவு உணவைக் கொண்டுவந்தால்தான் கணக்கு நேராகும். நம் முன்னோருக்கு இறைச்சியும், பிறகு நெருப்பில் சமைத்த உணவும் அந்தக் கணக்கை நேராக்கின என்பது பரவலான கருத்து. சமைத்த உணவு மென்மையானது. குடலுக்கு வேலை குறைவு. கிடைக்கும் ஆற்றல் கூடுதல். கடந்த 20 லட்சம் ஆண்டுகளில்தான் நம் கிளையில் மூளை வேகமாகப் பெருத்தது.

கற்றுக்கொள்ள ஒரு குழந்தைப்பருவம்

மூன்றாவது நிபந்தனை காலம். கல்லால் உடைக்கும் திறன் குட்டிக்குப் பிறவியிலேயே வருவதில்லை. தாயின் அருகில் உட்கார்ந்து பார்த்து, உடைந்த ஓட்டை நக்கி, கல்லை உருட்டி விளையாடி, பலமுறை தவறவிட்டு, ஏறக்குறைய மூன்று வயதில்தான் நீண்டவால் குரங்குக்கு அது கைவருகிறது. போசோ சிம்பன்சிக்கு 3 முதல் 5 வயது வரை ஆகிறது. அந்த வயதைத் தாண்டியும் கற்காத சிம்பன்சி பிறகு கற்பதே இல்லை.

ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்று பெயரிடப்பட்ட ஒன்றரை வயதுப் பெண் குரங்கு, மணல் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்றது. முதலில் உடன் விளையாடியவையும் தாயும், பிறகு கூட்டத்தில் பலவும் அதைப் பின்பற்றின. பெரிய ஆண் குரங்குகள்தான் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. பழக்கம் தலைமுறை தாண்டி நிற்க இளமையும் நெருங்கிய உறவும் எவ்வளவு தேவை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆயினும் மனிதருக்கும் இவற்றுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. நம்மிடம் ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குகிறார். கல்லுக்குக் கைப்பிடி போட்டார் ஒருவர்; அது கோடரியானது. கோடரியை இரும்பில் செய்தார் இன்னொருவர். மொழியும் கற்பித்தலும் இந்தச் சேமிப்பைக் காத்தன. குரங்கின் கல் 65 ஆண்டுகளுக்கு முன்பும் இன்றும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒவ்வொரு குட்டியும் கிட்டத்தட்ட தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறது.

பழக்கம் மரபணுவைத் தொடுமா?

தாய் கற்ற பாடம் குட்டியின் மரபணுவில் எழுதப்படுவதில்லை. ஆனால் பழக்கம் சூழலை மாற்றும். மாறிய சூழல் எந்தக் குட்டி பிழைக்கும் என்பதை மாற்றும். கரையோரத்தில் சிப்பியே முக்கிய உணவு என்றால், கல்லைச் சீக்கிரம் கையாளக் கற்கும் குட்டி நன்றாக வளரும். அதன் சந்ததி பெருகும். இப்படிப் பல தலைமுறைகள் போனால், கற்கும் ஆர்வமும் கையின் நுட்பமும் பிறப்பிலேயே கூடிவிடக்கூடும். அறிவு பரிணமிக்கும் வழி பெரும்பாலும் இதுவே.

இதற்கு ஒரு தடயம் தாய்லாந்தில் கிடைத்திருக்கிறது. கல்லைப் பயன்படுத்துபவை பெரும்பாலும் அந்தமான் கடல் ஓரத்தில் வாழும் பர்மிய உள்ளினத்தைச் சேர்ந்தவை. அந்த உள்ளினமும் நம் நாட்டில் உள்ள பொது உள்ளினமும் கலந்து வாழும் இடத்தில் குமெர்ட் குழு ஆராய்ந்தது. கன்னத்து முடியின் அமைப்பு பர்மிய உள்ளினத்தை ஒத்திருந்த குரங்குகளிடம் கல்லைப் பயன்படுத்தும் பழக்கம் அதிகமாக இருந்தது. 2019இல் வெளியான இந்த முடிவு, பழக்கத்தில் பரம்பரைக்கும் பங்கிருக்கலாம் என்று காட்டுகிறது.

அப்படியானால் நம் கெராவுக்கு அந்தத் திறனே இல்லையா? அதற்கும் ஒரு விடை வந்தது. தாய்லாந்து வளைகுடாவின் கிழக்கில் உள்ள கோ பெட் தீவில் வாழ்பவை பொது உள்ளினக் குரங்குகள். சுற்றுலாப் பயணிகள் போடும் உணவை நம்பி வாழ்ந்தவை. கோவிட் பெருந்தொற்றில் பயணிகள் வரவில்லை. அதன் பிறகு அவற்றில் சில, கல்லெடுத்துப் பாறைச் சிப்பியை உடைப்பது காணப்பட்டது. கைதந்த உணவு நின்றதே அந்தப் பழக்கம் தலைகாட்டத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஆய்வு கருதுகிறது. பாசிர் கூடாங் ஓரத்தில் நாம் பார்ப்பதும் இதே உள்ளினம்தான்.

கையில்லாத அறிவும் காலமில்லாத அறிவும்

குரங்கை விட்டு மற்ற விலங்குகளைப் பார்த்தால், தேவையான பொருட்களில் ஏதோ ஒன்று குறைவதைக் காணலாம்.

ஆக்டோபஸுக்கு ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் பெரும்பகுதி கைகளிலேயே இருக்கின்றன. இந்தோனேசியாவின் சுலவேசி, பாலி கடலடியில், மனிதர் எறிந்த தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிச் சென்று பின்னர் அதற்குள் ஒளியும் ஆக்டோபஸை 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் பெரும்பாலான ஆக்டோபஸ்களின் வாழ்நாள் ஓரிரு ஆண்டுகள். முட்டை பொரியும் காலத்தில் தாய் இறந்துவிடும். கற்றதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

டால்பினுக்குப் பெரிய மூளையும் நெருக்கமான கூட்டமும் நீண்ட ஆயுளும் உண்டு. கை இல்லை, தண்ணீருக்குள் நெருப்பும் இல்லை. யானைக்குத் துதிக்கை என்ற அருமையான கை உண்டு. நரம்பணுக்களின் எண்ணிக்கை நம்முடையதைப் போல மூன்று மடங்கு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி உடலசைவை ஒழுங்குசெய்யும் சிறுமூளையில் உள்ளன. சிந்தனையோடு தொடர்புடைய பெருமூளைப் புறணியில் யானைக்கு 560 கோடி. நமக்கு 1,600 கோடி.

காக்கை இனத்தை மறந்துவிட முடியாது. சில கிராம் எடையே உள்ள மூளையில் நரம்பணுக்களை மிக நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. அண்டங்காக்கையின் பெரிய உறவான ரேவன் பறவைக்கு 200 கோடிக்கும் மேல். பசிபிக்கின் நியூ கலிடோனியக் காக்கை, குச்சியைக் கொக்கிபோல் வளைத்து மரப்பொந்தில் உள்ள புழுவை இழுக்கிறது. நம் ஊரில் கரையும் காக்கையின் முன்னோர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவை. இன்று குப்பை நாள் எதுவென்று தெரிந்து வருமளவுக்கு நம்மோடு பழகிவிட்டன. ஆனால் பறக்க வேண்டிய உடலில் தலை எவ்வளவு கனக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

இவற்றில் எந்த இனமும் நாளைக்கே மனிதனைப் போலாகப் போவதில்லை. அதே சமயம், இனி ஒருபோதும் ஆகாது என்று சொல்லவும் இயற்கையில் விதி இல்லை. கையும், கூட்டமும், நீண்ட இளமையும், செலவுக்கு ஈடான உணவும், பல லட்சம் ஆண்டுகளும் ஒரே கிளையில் சேர வேண்டும். நமக்கு அது சேர்ந்தது.

அறிவு வந்தால் சிக்கலும் வரும்

கருவி கிடைத்த குரங்குகளுக்கு மனிதனைப் போன்ற சிக்கலும் வந்திருக்கிறது. தாய்லாந்தின் காவ் சாம் ராய் யாட் தேசியப் பூங்காவை ஒட்டிய கோராம் தீவில், கல்லைப் பயன்படுத்தும் குரங்குகள் பெரிய சிப்பிகளையும் நத்தைகளையும் தின்று தீர்த்து வருகின்றன. குரங்குகள் குறைவாக உள்ள பக்கத்துத் தீவோடு ஒப்பிட்டால் இங்கே ஓடுகள் சிறியவை. லுன்ஸ் குழுவினர் 2017இல் இதை வெளியிட்டு, உடைக்கத் தகுந்த இரை போய்விட்டால் கல்லைப் பயன்படுத்தும் பழக்கமும் அற்றுப்போகலாம் என்று எச்சரித்தனர்.

பியாக் நாம் யாய் தீவில் வேறு விதமான இடையூறு. மனிதர் கொண்டுவந்த நாய்களுக்குப் பயந்து குரங்குகள் கரையில் தங்கும் நேரம் குறைந்தது. கரையில் தாய் உட்காராவிட்டால் குட்டி பார்த்துக் கற்பதற்கு எதுவும் இல்லை. பல தலைமுறை சேர்த்த பழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்துவிட முடியும்.

பாலியின் உலுவத்து கோயிலில் இதே இனக் குரங்குகள் பயணிகளின் மூக்குக் கண்ணாடியையும் கைத்தொலைபேசியையும் பறித்து, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. வயது கூடிய குரங்குகள் எந்தப் பொருளுக்கு அதிக விலை கிடைக்கும் என்று பார்த்தே பறிப்பதாக 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. சாமர்த்தியம்தான். ஆனால் அது நம் பையை நம்பிய சாமர்த்தியம். சாலையோரத்தில் காரை நிறுத்தி நாம் வீசும் ரொட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. குரங்கு கடற்கரையை மறந்து குடியிருப்புக்குப் பழகுகிறது, பிறகு தொல்லை என்று புகார் போகிறது, பிடிக்கிறார்கள், சுடுகிறார்கள்.

எங்கும் காணப்படுவதால் இது ஏராளமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். 2022இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீண்டவால் குரங்கை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. காடழிப்பு, வேட்டை, மருத்துவச் சோதனைக்கான வணிகம் ஆகியவை காரணங்கள். நம் பகுதியில் சதுப்புநிலமும் பாதுகாப்பாக இல்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளி, 111 பள்ளிகளை மூடவைத்ததை பாசிர் கூடாங் மறந்திருக்காது. அந்த ஆற்றோரச் சேற்றில்தான் நண்டும் சிப்பியும் வளர்கின்றன.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இப்போது இப்படி விடை சொல்லலாம். இந்தக் குரங்கு மனிதனாகாது. அதன் கிளை வேறு. அது வேறு வழியில் போகிறது. ஆனால் கல்லெடுத்துக் கொட்டையை உடைக்கும் அறிவு அதன் இனத்தில் இருக்கிறது. அது வளருமா, மங்குமா என்பதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அந்தக் காலத்துக்கு முன் அதற்கு ஒரு கரையும், தாயருகில் உட்கார்ந்து பார்க்க ஒரு குட்டிப்பருவமும் வேண்டும். அவை மிஞ்சுமா என்பது நம் தலைமுறையிலேயே முடிவாகிவிடும். குரங்குக்கு ரொட்டி போடாமல் இருப்பதும், ஆற்றில் கழிவு கலந்தால் உடனே புகார் செய்வதும் அதில் நம்மால் ஆகக்கூடிய சிறு வேலைகள்.